அடையாளம் தெரிந்த புழுக்கள்

1

ஊருக்குப் போன் செய்தால் முதல் கேள்வி குளிரைப் பற்றி வரும். இரண்டாவது கேள்வி புழுவைப் பற்றி. குளிர் இருக்கிறது என்பேன், புழுவும் இருக்கிறது என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. கோயமுத்தூரில் இருக்கும் என் தங்கை மட்டும் விடமாட்டாள். "இங்கயும் புழுவத்தான் பாத்த, அங்கயும் புழுவத்தான் பாக்கற. இதுக்கு எதுக்கக்கா ஏரோப்ளேன் ஏறுன?" என்பாள். ஜெர்மனிக்கு வந்து பதினோரு வருடம் முடிந்துவிட்டது. அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் மேட்டுப்பாளையம் ரோட்டில் பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் கூடம் ஒன்றில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். படித்தது பிளஸ் டூ. மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கக் கற்றது அங்கேதான். பம்பு கம்பெனியில் டிசைன் வேலையில் இருந்த என் வீட்டுக்காரருக்கு இங்கே வேலை கிடைத்தது. அவர் பின்னால் நானும், நாலு வயது மகள் யாழினியும் வந்தோம். இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் உயிரியல் ஆய்வுக்கூடத்துக்குப் புழு வளர்த்துக் கொடுப்பது என் வேலை. முதலில் கண்ணாடிப் பாத்திரம் கழுவத்தான் எடுத்தார்கள். ஒருநாள் ஆள் இல்லாத நேரத்தில், தலைமுடி மாதிரி இருக்கும் பிளாட்டினம் கம்பியால் ஒரு புழுவைத் தூக்கி வேறு தட்டில் வைத்துக் காட்டினேன். மறுநாளிலிருந்து பாத்திரம் வேறொருவர் கழுவினார்.

இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்தது பதினோரு வருடக் கணக்குக்காக இல்லை. தங்கும் அனுமதி அட்டையைப் புதுப்பிக்கப் போன இடத்தில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. அதிலிருந்து கிளம்பி, நந்தகுமார் என்ற அவிநாசிப் பையனின் நாலு வருட உழைப்பை நானே உடைக்கும்படி ஆகிவிட்டது. நந்து எங்கள் கூடத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறான். அவனுடைய ஆய்வேட்டின் நடுப்பகுதி முழுவதும் நான் எண்ணிக் கொடுத்த எண்ணிக்கை. வேலை ஒப்பந்தம் முடிகிற மாதத்தோடு அவன் இந்த நாட்டில் இருக்கும் அனுமதியும் முடிகிறது. அதற்குள் அவன் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

2

புழு என்றதும் மல்பெரி இலை தின்னும் புழுவை நினைத்துவிட வேண்டாம். இது ஒரு மில்லிமீட்டர் நீளம். கண்ணாடி மாதிரி உடம்பு. கடல்பாசிக் கூழ் ஊற்றிய வட்டத் தட்டில், பாக்டீரியாவைத் தின்றுகொண்டு, ஒரே வாரத்தில் பாட்டியாகிவிடும். மொத்தம் முந்நூற்றிரண்டு நரம்புச் செல்கள். ஒரு புழுவில் ஒன்று கூட, இன்னொன்றில் ஒன்று குறைய என்பதில்லை. ஒவ்வொரு செல்லும் எந்தச் செல்லிலிருந்து வந்தது, அதன் தாய் யார், பாட்டி யார் என்று முட்டை வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் பெண் கொடுப்பதற்கு முன் கூட்டம், குலம் விசாரிப்பவர்கள்கூட இவ்வளவு தூரம் போவதில்லை.

நந்துவின் வேலை இதில் ஒரே ஒரு பங்காளிச் சண்டையைப் பற்றியது. புழுவின் நடு உடம்பில் ஒரு தாய்ச் செல் இரண்டாகப் பிரிகிறது. சமமாகப் பிரிவதில்லை. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பெரியதிலிருந்து, யாராவது தொட்டால் உணரும் நரம்பு வருகிறது. சிறியது கொஞ்ச நேரத்தில் செத்துப்போகிறது. நோயால் இல்லை, விபத்தால் இல்லை. சாக வேண்டும் என்பதுதான் அதற்குப் போட்ட திட்டம்.

இரண்டுக்கும் ஒரே மரபணுக்கள்தான் போகின்றன. பாகப்பிரிவினையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தாய்ச் செல் பிரிவதற்கு முன்பே உள்ளே சில சாமான்களை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துவிடுகிறது. அதனால் ஒரு மகளிடம் திறக்கும் மரபணு, இன்னொரு மகளிடம் மூடிக் கிடக்கிறது. எதைத் திறப்பது, எதை மூடுவது என்று சொல்வதற்கே சில மரபணுக்கள் இருக்கின்றன. அவை தாமாக எந்த வேலையும் செய்யாது. மற்றவைகளுக்கு உத்தரவு போடும். எல்லா ஆபீசிலும் இப்படி ஒருவர் உண்டு என்பதால் எனக்கு இது சுலபமாகப் புரிந்தது.

நந்து படிப்பது அப்படி ஒரு உத்தரவு மரபணுவை. அதைக் கெடுத்துவிட்டால், சில புழுக்களில் தாய்ச் செல் சமமாகப் பிரிந்துவிடுகிறது. சாக வேண்டிய மகள் சாகாமல், அக்காவைப் போலவே நரம்பாகி உட்கார்ந்துகொள்கிறாள். அந்த நரம்பு மட்டும் பச்சையாக ஒளிரும்படி புழுவைத் தயார் செய்திருக்கிறார்கள். நீல ஒளியில் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். இரண்டு இருந்தால், சாக வேண்டியது பிழைத்திருக்கிறது. எத்தனை புழுவில் ஒன்று, எத்தனை புழுவில் இரண்டு என்று நூற்றுக்கணக்கில் எண்ண வேண்டும். அதை வைத்துத்தான் இந்த மரபணு இந்த வேலையைச் செய்கிறது என்று நந்து எழுத முடியும்.

என் தங்கை கேட்டாள், ஒன்று இருப்பது நல்லதா இரண்டு இருப்பது நல்லதா என்று. நந்துவிடம் கேட்டேன். புழுவுக்கு இரண்டுமே ஒன்றுதான் அக்கா என்றான். அப்படியானால் எதற்கு இத்தனை பாடு என்று தங்கை கேட்டாள். அதை நான் நந்துவிடம் கேட்கவில்லை.

3

எண்ண வேண்டிய தட்டுகளுக்கு அடியில் நந்துவோடு படிக்கும் இன்னொரு பெண் A, B, C என்று எழுத்துப் போட்டுத் தருவாள். எது சாதாரணப் புழு, எது மரபணு கெட்ட புழு என்று தட்டில் இருக்காது. நான் தட்டிலிருந்து புழுக்களை எடுத்து, மயக்க மருந்தில் படுக்க வைத்து, கண்ணாடிச் சில்லில் ஏற்றி, எண்ணி எழுதிக் கொடுப்பேன்.

அந்த எழுத்து எதற்கு என்று எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், தீயணைப்புக் கருவி, அமிலக் குப்பி, அவசரக் கதவு எல்லாவற்றோடும் சேர்த்து ஜெர்மனில் சொன்னார்கள். சொன்னவர் புரிந்ததா என்று கேட்டார். நம் ஊர் வழக்கப்படி தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன். அவர் அதை இல்லை என்று எடுத்துக்கொண்டு மறுபடி சொன்னார். மறுபடி ஆட்டினேன். மூன்றாவது முறைக்கு அவர் சோர்ந்து கையெழுத்து வாங்கிக்கொண்டார். புழுவின் பெயர் நீளமாக இருப்பதால் சுருக்கமாக ஒரு எழுத்துப் போடுகிறார்கள் என்று நானாக முடிவு செய்திருந்தேன். பிறகு கேட்பதற்குக் கூச்சமாக இருந்தது. வருடம் ஆக ஆகக் கூச்சம் கூடியது.

இதில் ஒரு சிக்கல். எழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் எனக்கு அந்தப் புழுக்களைத் தெரியும். நான் வளர்த்தவை. சாதாரணப் புழு நடந்த தடம், சின்னப் பிள்ளை வரைந்த கடல் அலை மாதிரி மேலும் கீழும் ஒழுங்காகப் போகும். நந்துவின் புழு கொஞ்சம் சோம்பலாக நெளியும், அலை உயராது. திரும்பும்போது வால் ஒரு கணம் தாமதமாக வரும். சாப்பாட்டுக்கு நடுவில் நிற்காமல் ஓரமாக ஒதுங்கி நிற்கும். தட்டைத் திறந்த உடனே, ஓ நீங்களா என்று மனதுக்குள் சொல்லிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பேன். எண்ணி முடித்த தட்டுகளை அடுக்கும்போதும் சாதாரணப் புழுவை ஒரு பக்கம், நந்துவின் புழுவை ஒரு பக்கம் பிரித்து வைத்துக் கொடுப்பேன். அவனுக்கு வேலை மிச்சமாகும் என்று நினைத்தேன். அவன் கவனித்ததே இல்லை. அப்படியே வாரிக் குப்பையில் போட்டுவிடுவான்.

நந்துவின் அம்மா வாரம் ஒருமுறை அவிநாசியிலிருந்து எனக்குப் பேசுவார். என்னைப் பார்த்ததில்லை. ஆனாலும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். "என்ற பையன் வாயத் தொறந்து எதும் கேக்க மாட்டான் கண்ணு. நீதான் சித்த ஒத்தாசையா இருக்கோணும்" என்பார். இருக்கறேனுங்க என்பேன். இருந்தேன்.

4

அட்டையைப் புதுப்பிக்கப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. பாஸ்போர்ட் மாறினால் அட்டையும் மாற வேண்டும். அதற்கு ஒன்பது தாள்கள் கேட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு இளைஞன். எந்த நாடு என்று தெரியவில்லை. அதிகாரி அவன் தாள்களை ஒருமுறை எண்ணினார், திரும்ப எண்ணினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு தாளில் கையெழுத்துத் தேதி இல்லை. அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அடுத்து நான். இந்த அதிகாரி என்னை எட்டு வருடமாகப் பார்க்கிறார். நீங்கள் எப்போதும் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கொண்டுவருவீர்கள் என்று சொல்லிக்கொண்டே தாள்களைப் புரட்டினார். பட்டியலில் ஒன்பது கட்டத்திலும் டிக் போட்டு, கைரேகை வாங்கி அனுப்பிவைத்தார். டிராமில் ஏறி உட்கார்ந்து பையைத் திறந்தால், வீட்டு வாடகைச் சான்று யாழினியின் பள்ளிக்கூடத் தாளோடு ஒட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தது. நான் கொடுத்தது எட்டு.

முதல் இரண்டு நிறுத்தம் வரை சந்தோஷமாக இருந்தது. மூன்றாவது நிறுத்தத்தில் மைக்ராஸ்கோப்பின் திருகு ஞாபகம் வந்தது.

மைக்ராஸ்கோப்பின் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதைத் திருகினால் புழுவின் உடம்புக்குள் மேலும் கீழும் ஆழமாகப் பார்க்கலாம். சாதாரணப் புழு என்று தெரிந்த தட்டில், ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தவுடன் ஒன்று என்று எழுதிவிட்டு அடுத்த புழுவுக்குப் போய்விடுவேன். நந்துவின் புழு என்று தெரிந்த தட்டில், ஒரு புள்ளி தெரிந்த பிறகும் திருகுவேன். இன்னொன்று எங்காவது மறைந்திருக்குமோ என்று மேலே போவேன், கீழே போவேன். மங்கலாக ஏதாவது வந்தால், இருக்கிறது, இரண்டு என்று எழுதுவேன். இதை நான் ஒரு நாளும் தப்பென்று நினைக்கவில்லை. அக்கறையாகப் பார்க்கிறேன் என்றே நினைத்தேன்.

மேட்டுப்பாளையம் ரோட்டுக் கூடத்தில் முட்டையிட்ட தாய்ப் பூச்சியை அரைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். நோய் இருந்தால் அந்த முட்டை முழுவதும் தீக்குப் போகும். அங்கே மேற்பார்வைக்கு இருந்த அம்மா, நான் வளர்த்த பூச்சியை என்னைப் பார்க்க விட்டதே இல்லை. "உம்படத அவ பாக்கட்டும், அவளுத நீ பாரு அம்மணி" என்று தினமும் தட்டை மாற்றி வைப்பார். எங்களுக்குள் போட்டி வரக்கூடாது என்பதற்காகச் செய்கிறார் என்று ஏழு வருடம் நினைத்திருந்தேன். டிராமில் உட்கார்ந்திருந்தபோதுதான் வேறு காரணம் இருக்கலாம் என்று தோன்றியது.

5

யாழினிக்கு இப்போது பதினைந்து. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். இப்படியே மூன்று வருடமாகக் குடும்பம் நடக்கிறது. சாப்பிட வா என்றால் வருகிறாள், அதனால் புரிகிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

அன்றைக்குத் தட்டில் எழுத்துப் போடுகிற விஷயத்தை அவளிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாள் போலிருக்கிறது. போனைக் கீழே வைத்தாள். எனக்கு நிச்சயமாகப் புரிய வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, தேடித் தேடித் தமிழிலேயே சொன்னாள்.

"எண்ணறவங்களுக்கு எது எதுன்னு தெரியக்கூடாதும்மா. அதுக்குத்தான் எழுத்து. தெரிஞ்சா அந்த எண்ணிக்கை செல்லாது."

கொஞ்சம்கூடச் செல்லாதா என்றேன். கொஞ்சம் என்பதெல்லாம் இல்லை என்றாள். அப்புறம் என்னையே பார்த்து, "உனக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். அப்படியானால் போய்ச் சொல்லிவிடு என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டாள். ஒரு பையனுடைய படிப்பு, அவன் அம்மா வாரா வாரம் போன் செய்கிறார், இதெல்லாம் அவள் கணக்கில் வரவில்லை. என் மகளுக்குச் சுற்றி வளைத்து யோசிக்கத் தெரியாது. இங்கே பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லித்தருவதில்லை.

6

நந்துவிடம் மதியச் சாப்பாட்டின்போது சொன்னேன். அவனுக்கும் சேர்த்து எலுமிச்சைச் சாதம் கொண்டுபோயிருந்தேன். பாதி சாப்பிடும் வரை காத்திருந்தேன்.

முதலில் அவன் சிரித்தான். நாலு வருடமாக அந்தப் புழுக்களோடு இருக்கிறேன், எனக்கே தெரியவில்லை, உங்களுக்கு எப்படித் தெரியும் என்றான். அலை, வால், ஓரமாக நிற்பது எல்லாவற்றையும் சொன்னேன். திருகைப் பற்றியும் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"எத்தன தட்டுங்க்கா?"

"எல்லாமேதானுங்க தம்பி."

ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டான். ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்தான். வெளியே சைக்கிள் நிறுத்தம்தான், பார்க்க ஒன்றுமில்லை.

"நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாமுங்க்கா" என்றான்.

டப்பாவை மூடி, என் பக்கம் நகர்த்தி வைத்தான். அதில்கூட மரியாதை குறையவில்லை. இரண்டு நாள் என் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, பேராசிரியரிடம் என்னால் சொல்ல முடியாது, நீங்களே சொல்லிவிடுங்கள் என்றான்.

வீட்டில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போய் ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் பேராசிரியர் நல்ல மனிதர், எல்லோரையும் நம்புவார். என்னை மட்டும் அன்றைக்கு நம்பவில்லை. முப்பது வருடமாக இந்தப் புழுவைப் பார்க்கிறேன், இந்த இரண்டு வகையையும் நடையை வைத்து யாரும் பிரிக்க முடியாது, உங்களுக்கு அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான் என்று ஆறுதல் சொன்னார். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போன இடத்தில் குற்றம் செய்யும் அளவுக்கு உனக்குத் திறமை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வந்த வேகத்தில் எனக்குக் கொஞ்சம் ரோஷமாகக்கூட இருந்தது.

முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். சரி, ஒரு சோதனை வைத்துப் பார்த்துவிடலாம் என்றார். பத்துத் தட்டு. எண் போடுவது அவர். விடை அவர் கையில் மூடிய உறையில் இருக்கும். நான் ஒவ்வொன்றாகப் பார்த்து எந்தப் புழு என்று சொல்ல வேண்டும். பாதிதான் சரியாக வந்தால், குருட்டாம்போக்கில் சொல்வதும் அதுவும் ஒன்று. எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அர்த்தம். எண்ணிக்கை செல்லும், நந்து எழுதி முடிக்கலாம். எல்லாம் சரியாக வந்தால், எண்ணிக்கை முழுவதும் குப்பைக்கு.

7

வியாழக்கிழமை காலை பத்து மணி, காபி நேரத்துக்கு முன்னால். வராந்தாவில் நந்து எனக்குப் பக்கத்தில் நடந்து வந்தான். மழை வருமா என்று பேசுகிற குரலில், என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"பத்துல அஞ்சு தப்பாப் போனாப் போதுமுங்க்கா."

கெஞ்சவில்லை. ஒரு தகவல் மாதிரிச் சொன்னான். நானும் தகவல் மாதிரியே கேட்டுக்கொண்டேன்.

உள்ளே பேராசிரியர், நந்து, எழுத்துப் போடும் அந்தப் பெண், நான். முதல் தட்டைத் திறந்தேன். சாதாரணப் புழு, இரண்டு விநாடிகூட ஆகவில்லை. சாதாரணம் என்றேன். பேராசிரியர் எழுதிக்கொண்டார். இரண்டாவது நந்துவின் புழு. ஓரமாக நின்றது. எனக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளையை யாரென்று தெரியாது என்று சொல்வது போலத்தான் இருந்தது. சாதாரணம் என்றேன். மூன்றாவதற்கு உண்மை, நாலாவதற்குப் பொய். பொய் சொல்வதைக்கூட ஒன்று விட்டு ஒன்று வரிசையாகச் சொல்கிற ஆள் நான். நடுநடுவே யோசிப்பது போலக் கன்னத்தில் கை வைத்தேன். ஒரு தட்டுக்குத் தெரியவில்லையே என்று தலையை வேறு ஆட்டினேன்.

பத்தும் முடிந்தது. பேராசிரியர் உறையைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஐந்து சரி, ஐந்து தப்பு. அவருக்கு வாயெல்லாம் சிரிப்பு. காசு சுண்டிப் போட்டால்கூட இவ்வளவு சரியாகப் பாதி விழாது என்று என் தோளில் தட்டினார். அந்தப் பெண் கைதட்டினாள். காபிக்குப் போகலாம் என்று எல்லோரும் எழுந்தார்கள்.

நந்து மட்டும் எழவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நானும் அப்போதுதான் பார்த்தேன். பார்த்து முடித்த தட்டுகளை என் கை வழக்கம்போல அடுக்கியிருந்தது. இடது பக்கம் ஆறு, வலது பக்கம் நாலு. என் வாய் சொன்னதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பேராசிரியர் கதவுக்குப் போய்விட்டார். இன்னும் இரண்டு அடி வைத்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நந்து என்னைப் பார்த்தான். அவன் முகம் சோற்றுப் பானையைத் திறந்தவன் முகம் மாதிரி வியர்த்திருந்தது. பேராசிரியரைக் கூப்பிட்டான். தாளைப் பார்க்க வேண்டாம், இந்த இரண்டு அடுக்கையும் பாருங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

அவர் திரும்பி வந்து ஒவ்வொரு தட்டாகத் திருப்பி எண்ணைப் பார்த்தார். உறைக்குள் இருந்த தாளோடு ஒப்பிட்டார். முதலிலிருந்து இன்னொரு முறை ஒப்பிட்டார். இடது பக்கம் ஆறும் சாதாரணப் புழு. வலது பக்கம் நாலும் நந்துவின் புழு. யாரும் காபிக்குப் போகவில்லை.

தெரிந்திருந்தும் ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று என்னிடம் கேட்டார். அதட்டலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஒத்திகை பார்க்காத ஆங்கிலத்தில், நந்து அவிநாசிக்காரர் என்றேன். அதையும் குறித்துக்கொண்டார்.

8

நான் எண்ணிக் கொடுத்தது முழுவதும் தள்ளுபடியானது. பேராசிரியர் ஒப்பந்தத்தை நாலு மாதம் நீட்டிக் கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதத்தோடு நந்து வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு மூன்று முறை போய்வந்தான். எப்படியோ அனுமதி கிடைத்தது. புழுவை வளர்ப்பது மட்டும் இனி என் வேலை. கண்ணாடிச் சில்லில் ஏற்றுவது எழுத்துப் போடும் அந்தப் பெண். எண்ணுவது கீழ்த்தளத்தில் மீன் ஆராய்ச்சி செய்யும் ஒரு அம்மா. அவருக்குப் புழுவையும் தெரியாது, நந்துவையும் தெரியாது. வணக்கம் சொன்னால்கூட நிமிர்ந்து பார்க்கமாட்டார். இதற்கு முன்னால் அதை ஒரு குறையாக நினைத்திருந்தேன்.

நந்து சாப்பிட வருவதை நிறுத்திவிட்டான். தட்டு வேண்டுமென்றால் சீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போவான். பிறகு அவன் அம்மா போன் செய்தார். பையன் பேசவே மாட்டேன் என்கிறான், இன்னும் நாலு மாதம் ஆகும் என்று மட்டும் சொன்னான், என்னவாயிற்று என்று கேட்டார். எண்ணிக்கையில் தப்பு நடந்துவிட்டது, திரும்ப எண்ணுகிறார்கள் என்றேன்.

"தப்பு அவன் பண்ணுனதா கண்ணு?"

"இல்லீங், நான் பண்ணுனது."

"அப்பச் செரி" என்றார். பெருமூச்சு விட்ட சத்தம் கேட்டது. பிறகு இங்கே குளிர் எப்படி என்று விசாரித்தார்.

போன திங்கட்கிழமை தட்டுகளில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தேன். நந்து உள்ளே வந்து கதவோரம் நின்றான். சீட்டு எதுவும் கையில் இல்லை. நான் ஊற்றுவதை நிறுத்தவில்லை, நிறுத்தினால் கூழ் கெட்டிப்பட்டுவிடும்.

"எண்ணிப்போட்டாங்க்கா."

"இருக்குதுங்களா தம்பி?"

"இருக்குது. சாதாரணத் தட்டுல நீங்க எழுதுனதும் அவங்க எழுதுனதும் ஒண்ணாவே இருக்குது. என்ற தட்டுலதான் உங்களுக்கு ரெண்டு வந்த அளவுல பாதிதான் அவங்களுக்கு வந்திருக்குது. ஆனா அந்தப் பாதி இருக்குதுங்க்கா. எழுதறதுக்கு அது போதும்."

கடைசித் தட்டையும் ஊற்றி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டேன். அவன் போகவில்லை. கோபமாகவும் இல்லை. நாலு வருடம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தவன் கேட்கிற மாதிரிதான் கேட்டான்.

"இல்லாத புள்ளி உங்களுக்கு எப்படிங்க்கா தெரிஞ்சுது?"

"பொய்யா எழுதலீங்க தம்பி" என்றேன். "பச்சையா, நல்லாவே தெரிஞ்சுதுங்க."